முதல் பக்கத்தில் இருந்த இரண்டு பெயர்கள்

டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் கேம் நூல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

போன மாதம் ஒரு சாகச நூலின், அதாவது இந்த விளையாட்டில் ஒருவர் வைத்து நடத்தும் கதை நூலின், பத்தாம் ஆண்டுப் பதிப்பு எனக்குத் தபாலில் வந்தது. காசு கொடுத்து வாங்கியதுதான். கெட்டி அட்டை, துணி நாடா, புதிய முன்னுரை. பிரித்தவுடன் பெயர்ப்பட்டியல் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். எழுத்து, ஓவியம், வரைபடம், பக்க வடிவமைப்பு என்று எல்லாம் இருந்தன. முதல் பதிப்பில் இவற்றுக்கு நடுவே ‘எடிட்டிங், டெவலப்மென்ட்’ என்று ஒரு வரி இருந்தது. டெவலப்மென்ட் என்றால் கையெழுத்துப் படியை விளையாடிப் பார்த்துச் செப்பனிடுவது. அதில் இரண்டு பெயர்கள். ஒன்று என்னுடையது. இந்தப் பதிப்பில் அந்த வரியே இல்லை.

முதலில் அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். பழைய பிரதியையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று இரவுகள் வரி வரியாக ஒப்பிட்டேன். முன்னுரையையும் சில புதிய ஓவியங்களையும் விட்டால், நானும் என் சக எடிட்டரும் பத்து ஆண்டுகளுக்கு முன் முடித்துக் கொடுத்த வாசகம் அப்படியே இருந்தது. பதிப்பாளருக்கு எழுதினேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வந்தது. எடிட்டிங் ஒரு சேவை, அது படைப்பில் சேராது, புதிய கொள்கைப்படி படைப்பாளிகளின் பெயர்களை மட்டுமே போடுகிறோம் என்றார்கள். இனி வரும் நூல்களுக்கு அந்த வேலையை மென்பொருளே செய்யும் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

அந்தப் பதிப்பாளர் யார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களோடு முடிகிற விஷயமாக இருந்தால் இந்த மடலுக்கே தேவை வந்திருக்காது. கடந்த ஓராண்டில் வேறு இருவர் எனக்கு அனுப்பிய ஒப்பந்தங்களிலும் எடிட்டர் பெயரைப் போடுவது பதிப்பாளரின் விருப்பம் என்று மாறியிருக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கேட்டதற்குக் கிடைத்த பதிலைச் சொல்லிவிட்டேன். இப்போது என் மொழியில் எழுதுகிறேன். உங்கள் நூல்களை வாங்கி விளையாடும் தமிழர்களும் இதைப் படிக்கட்டும்.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். 2009-இல் கல்லூரி விடுதியில்தான் இந்த விளையாட்டு எனக்கு அறிமுகமானது. ஆறு பேர், ஒரு ஜெராக்ஸ் விதிநூல். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பேசுவோம். இருபது முகப் பகடை எங்கும் கிடைக்கவில்லை. ஒன்று முதல் இருபது வரை துண்டுச் சீட்டில் எழுதி, எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கி எடுப்போம். விதியில் ஒரு வரி குழப்பமாக இருந்தால் அன்றைய இரவு முழுக்கச் சண்டையிலேயே போய்விடும். அந்தச் சண்டைகளைத் தீர்ப்பதற்காக ஜெராக்ஸ் தாளின் ஓரத்தில் குறிப்பெழுதத் தொடங்கினேன். இந்த விதி அந்த விதியோடு மோதுகிறது, இங்கே ‘ஒரு முறை’ என்றால் ஒரு சுற்றுக்கு ஒரு முறையா, ஒரு சண்டைக்கு ஒரு முறையா, இப்படி. 2013-இல் ஒரு சின்ன சாகச நூலை வாங்கிப் படித்தபோது பிழைகள் நான்கு பக்கத்துக்கு வந்தன. சும்மா இருக்க மனம் வராமல் அதை வெளியிட்டவருக்கே அனுப்பினேன். அடுத்த நூலை அச்சுக்கு முன்பே பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். சொல்லுக்கு அரை சென்ட். என் தொழில் அப்படித்தான் தொடங்கியது. பெரும்பாலான எடிட்டர்களைக் கேட்டால் இதே போல ஒரு கதை சொல்வார்கள்.

இப்போது அந்தச் சாகச நூலுக்கு வருகிறேன். எடிட்டிங் படைப்பில் சேராது என்று சொன்னவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அது ஒரு துறைமுக நகரத்தில் நடக்கும் மர்மக் கதை. எழுதியவர் நல்ல எழுத்தாளர். அவர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கையெழுத்துப் படியில் மூன்றாம் அத்தியாயம் சுங்க அலுவலகத்தில் இருக்கும் ஒரு கணக்கு நோட்டைச் சுற்றி நடக்கிறது. யார் எந்தக் கப்பலில் எதைக் கடத்தினார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. அந்த நோட்டு கிடைக்க வேண்டுமென்றால் பகடையில் 15-க்கு மேல் விழ வேண்டும் என்று எழுதியிருந்தார். படிக்கும்போது ஒன்றும் தெரியாது. விளையாடிப் பார்த்தால்தான் தெரியும். என் நண்பர்களை மூன்று குழுக்களாக உட்கார வைத்து நடத்தினேன். இரண்டு குழுக்களுக்கு நோட்டு கிடைக்கவில்லை. அதன் பிறகு அவர்களுக்குப் போக வழியில்லை. ஒரு குழு முக்கால் மணி நேரம் துறைமுகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கதையை நடத்திக்கொண்டிருந்த எனக்கே அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒருவர் ஃபோனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நம் விளையாட்டில் அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

அந்த அத்தியாயத்தைப் பிரித்து மறுபடி கட்டினேன். நோட்டு எப்படியும் கிடைக்கும். அதை எடுப்பதற்குள் காவலாளி வந்துவிடுகிறாரா, எத்தனை பக்கங்களைப் படிக்க நேரம் இருக்கிறது என்பதைப் பகடை சொல்லும். இரண்டாவது துப்பு ஒன்று அலுவலகத்திலேயே புதைந்து கிடந்தது. அதை மீன் விற்கும் ஓர் அம்மாவின் பேச்சுக்குள் கொண்டுவந்தேன். கையெழுத்துப் படியில் அவருக்கு ஒரு வரிதான் இருந்தது. நான் அவருக்கு ஒரு மகனையும் ஒரு கடனையும் கொடுத்தேன். ஏறத்தாழ 6,000 சொற்கள் புதிதாக எழுத வேண்டியிருந்தது. என் சக எடிட்டர் வரைபடத்தோடு ஒவ்வோர் அறையையும் ஒப்பிட்டு, 14-ஆம் அறையின் கதவு 17-ஆம் அறைக்குத் திறப்பதாக வாசகத்திலும், சுவரில் முட்டுவதாக வரைபடத்திலும் இருந்ததைக் கண்டுபிடித்தார். அப்படி 23 இடங்கள். நூல் வந்த பிறகு விமர்சனம் எழுதியவர்கள் பலர் மூன்றாம் அத்தியாயத்தைத்தான் தனியாகப் பாராட்டினார்கள். அந்த மீன்காரம்மாவை வைத்துப் புதிய சாகசங்களே எழுதினார்கள். எழுத்தாளர் அப்போதே எனக்கு நன்றி சொல்லி எழுதினார். அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

துப்பு கிடைக்காமல் கதை முட்டி நின்றுவிடும் இந்தப் பிரச்சினையை மையமாக வைத்தே ராபின் லாஸ் கம்ஷூ என்ற விளையாட்டு முறையை உருவாக்கினார். அதன் முதல் நூல் ‘தி எஸோடெரரிஸ்ட்ஸ்’. அவரை டிசைனர் என்று உலகம் மதிக்கிறது, அது முழுக்க நியாயம். அவரிடமிருந்து கற்றுக்கொண்டதைத்தான் நானும் செய்தேன். அதையே இன்னொருவரின் கையெழுத்துப் படிக்குள் இருந்து செய்தால் அது ‘சேவை’ ஆகிவிடுகிறதா? எந்தச் சொல்லில் படைப்பு முடிந்து சேவை தொடங்குகிறது என்று உங்களில் யாராவது காட்ட முடியுமா?

இந்தத் தொழிலின் தொடக்கத்திலிருந்தே அப்படி ஓர் எல்லைக்கோட்டை யாராலும் போட முடிந்ததில்லை. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்று சிறு புத்தகங்களாக வந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள். ஏற்கெனவே போர் விளையாட்டு ஆடிப் பழகியவர்களுக்குத்தான் அது புரிந்தது. மற்றவர்கள் தலையைச் சொறிந்தார்கள். எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் பேராசிரியர் அதை ஒழுங்குபடுத்தி, புதிதாக வருபவரும் படித்துவிட்டு விளையாடும்படி ஒரே புத்தகமாக்கினார். 1977-இல் வந்த அந்தத் தொடக்கநிலைப் பெட்டியில் அவருக்குக் கிடைத்த பட்டம் எடிட்டர். 1981-இல் டாம் மோல்ட்வே அதை மறுபடி எழுதினார். அவருக்கும் எடிட்டர் என்றே போட்டார்கள். 1983-இல் ஃபிராங்க் மென்ட்ஸர் திருத்தி விரிவாக்கினார்.

சரி, இன்று ரசிகர்கள் அந்த மூன்று பதிப்புகளையும் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள்? ஹோம்ஸ் பதிப்பு, மோல்ட்வே பதிப்பு, மென்ட்ஸர் பதிப்பு. மூன்றுமே எடிட் செய்தவர்களின், திருத்தியவர்களின் பெயர்கள். ஒரு தமிழ் வாசகருக்கு இதில் வியப்பே இருக்காது. நாங்களும் பழைய இலக்கியத்தைத் தேடும்போது உ.வே.சா. பதிப்பு இருக்கிறதா என்றுதான் கேட்போம். பாடியவர் யார் என்பதை அதனால் நாங்கள் மறந்துவிடவில்லை.

எடிட்டிங்கில் ஒன்று நழுவினால் என்ன ஆகும் என்பதற்கும் அந்த 1977 நூலே சாட்சி. எல்லா ஆயுதங்களும் ஒரே ஆறுமுகப் பகடை அளவு காயம்தான் ஏற்படுத்தும் என்று ஓர் இடத்தில் இருக்கிறது. குத்துவாளை ஒரு சுற்றில் இரண்டு முறை வீசலாம், கனமான இருகை வாளை இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வீசலாம் என்று இன்னோர் இடத்தில் இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் சரி. சேர்த்துப் படித்தால் விலை குறைந்த குத்துவாளே உலகின் சிறந்த ஆயுதம். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகியும் இதைப் பற்றிப் பேச்சு ஓயவில்லை. இரண்டு பக்கங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருப்பதுதான் எங்கள் வேலை.

டிசைனரும் எடிட்டரும் ஒரே ஆளாக இருந்த வாழ்க்கைக்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் லின் வில்லிஸ். மெட்டாகேமிங் நிறுவனத்துக்காக விண்வெளிப் போர் விளையாட்டுகளை உருவாக்கிய டிசைனராகத் தொடங்கியவர். அப்புறம் கேயோசியம் நிறுவனத்துக்கு வந்தார். 1980-இல் கிரெக் ஸ்டாஃபோர்டோடு சேர்ந்து அவர் தயாரித்த ‘பேசிக் ரோல்ப்ளேயிங்’ வெறும் 16 பக்கம். ரூன்குவெஸ்ட் விளையாட்டின் பெரிய விதித் தொகுப்பை அவ்வளவு சின்னதாகச் சுருக்கிய கை எடிட்டரின் கை. அந்தப் பதினாறு பக்கத்தின் மேல்தான் பிறகு பல விளையாட்டுகள் நின்றன. 1981-இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதுலு’வும் அந்தக் குடும்பம்தான். 1984-இல் வந்த ‘மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோடெப்’ நூலைப் பெரும்பாலானோர் இந்தத் துறையின் மிகச் சிறந்த நெடுஞ்சாகசம் என்பார்கள். அதை எழுதியவர் லாரி டிடிலியோ. அவர் பெயருக்குப் பக்கத்தில் லின் வில்லிஸின் பெயரும் இருக்கிறது. 1986-இல் வந்த கோஸ்ட்பஸ்டர்ஸ் விளையாட்டில் பீட்டர்சன், ஸ்டாஃபோர்டு ஆகியோரோடு அவரும் டிசைனர். பிறகு கால் ஆஃப் கதுலுவை ஒவ்வொரு பதிப்பாகச் செப்பனிட்டுக் கொண்டுவந்தார். 1992-இன் ஐந்தாம் பதிப்பில் பீட்டர்சனோடு இணையாசிரியராக அவர் பெயர் வந்தது.

வில்லிஸ் 2013 ஜனவரியில் காலமானார். அவரை நான் பார்த்ததில்லை, பேசியதில்லை. விடுதியில் எங்களிடம் இருந்த ஜெராக்ஸ் அவர் கைபட்ட விதிநூல்தான். மங்கலான அந்த முதல் பக்கத்தில் அவர் பெயரைப் படித்துவிட்டு, எழுதுபவர் ஒருவர் இருக்க இன்னொருவருக்கு இதில் என்ன வேலை என்று யோசித்திருக்கிறேன். இப்படி ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது என்பதே அந்தப் பெயரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்த வரியை அழித்திருந்தால் நான் இந்த வேலைக்கு வந்தே இருக்க மாட்டேன்.

இன்னொரு பழைய சம்பவத்தையும் நினைவுபடுத்துகிறேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை அப்போது வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் டிசைன் பிரிவில் சேர்ந்த முதல் பெண் ஜீன் வெல்ஸ். அந்த நிறுவனத்தின் டிராகன் இதழில் வாசகர்களின் விதிச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் பகுதியையும் அவர் எழுதினார். அவர் எழுதிய ‘பேலஸ் ஆஃப் தி சில்வர் பிரின்செஸ்’ ஆரஞ்சு நிற அட்டையோடு அச்சாகி வந்த உடனேயே நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. பிறகு டாம் மோல்ட்வே அதை மாற்றி எழுத, 1981-இல் பச்சை அட்டையோடு மறுபடி வந்தது. நிறுவனத்துக்கு அந்த நூல் பிடிக்கவில்லை, வாசகம் பெரிதும் மாறிவிட்டது. அப்படியும் இரண்டாவது அட்டையில் மோல்ட்வேயின் பெயரோடு ஜீன் வெல்ஸின் பெயர் நின்றது. திரும்பப் பெற்று மாற்றி எழுதிய நூலிலேயே அவ்வளவு நேர்மை இருந்திருக்கிறது. ஒரு சொல்லும் மாறாமல் மறுஅச்சாகும் நூலில் எங்கள் பெயரை எடுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

மென்பொருளைப் பற்றியும் பேச வேண்டும். எழுத்துப்பிழை பார்க்கும் கருவியை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். அதன் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் விதிநூலை அதன் கையில் விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. 1990-களின் நடுவில் டிஎஸ்ஆர் வெளியிட்ட ‘என்சைக்ளோபீடியா மேஜிகா’வில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மந்திரவாதியைக் குறித்த ‘மேஜ்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் ‘விசார்ட்’ என்று மாற்றக் கணினிக்குக் கட்டளை போனது. அது ‘டேமேஜ்’ என்ற சொல்லின் வாலில் இருந்த எழுத்துகளையும் விடவில்லை. காயம் என்று வர வேண்டிய இடத்தில் ‘டாவிசார்ட்’ என்று அச்சாகிப் புத்தகம் கடைக்குப் போனது. இன்றைய கருவிகள் அதைவிடக் கெட்டிக்காரத்தனமானவை என்பீர்கள். அதுதான் எனக்குக் கவலை. டாவிசார்ட் கண்ணில் குத்தும் பிழை. இப்போது வரும் பிழைகள் அழகான வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கின்றன.

போன ஆண்டு ஒரு பதிப்பாளர் மென்பொருள் திருத்திய ஒரு படியை ‘கடைசியாக ஒரு பார்வை’ பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார். ‘லெவல்’ என்ற சொல் ஒரே பத்தியில் ஐந்து முறை வந்ததால், நடை நன்றாக இருக்கட்டும் என்று அது சொல்லை மாற்றி மாற்றிப் போட்டிருந்தது. ஓரிடத்தில் ரேங்க், ஓரிடத்தில் டியர் (tier), ஓரிடத்தில் கிரேடு. பள்ளிக் கட்டுரையில் இதைப் பாராட்டுவார்கள். விதிநூலில் சொல் மாறினால் பொருள் மாறிவிட்டது என்றுதான் விளையாடுபவர் எடுத்துக்கொள்வார். பாத்திரத்தின் நிலை, மந்திரத்தின் நிலை, நிலவறையின் ஆழம், அரக்கரின் வலிமை என்று நான்கையும் லெவல் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோமே என்று டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் விதிநூலான 1978-இன் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’கில் கைகாக்ஸே கவலைப்பட்டு, வேறு சொற்களை யோசித்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். யோசித்துவிட்டு, பழகிய சொல்லையே வைத்துக்கொண்டார். அதை ஒரு மனிதர் முடிவு செய்தார், தன் பெயரில் முடிவு செய்தார். எனக்கு வந்த படியில் அப்படி முடிவு செய்தவர் யாரும் இல்லை. அதைச் சரிசெய்ய, புதிதாக எடிட் செய்வதைவிட அதிக நாள் ஆனது. தந்தது மெய்ப்புப் பார்ப்பவருக்கான கூலி.

கூலி என்றதும் ஒன்று. பத்தாம் ஆண்டுப் பதிப்பு கண்ட அந்தச் சாகச நூல் 90,000 சொற்கள். எனக்குச் சொல்லுக்கு ஒன்றரை சென்ட், மொத்தம் 1,350 டாலர். ஐந்து மாத வேலை. நான் புதிதாக எழுதிய 6,000 சொற்களுக்கும் அதே ஒன்றரை சென்ட்தான். பணமும் நூல் வெளியான பிறகுதான் வந்தது. வேலையை முடித்துக் கொடுத்து ஒன்பது மாதம் கழித்து. மறுபதிப்புக்கு எனக்கு ஒரு பைசாவும் கிடையாது, ஒப்பந்தம் அப்படி. அதைத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன், அதைப் பற்றி இப்போது புகார் சொல்லவில்லை. அவ்வளவு குறைந்த கூலிக்கும் ஒருவர் இந்த வேலையைச் செய்கிறார் என்றால், நூலில் தன் பெயர் இருக்கும் என்ற ஒரே நம்பிக்கையில்தான். அடுத்த வேலை கேட்கும்போது நாங்கள் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். எங்களுக்கு அலுவலகம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, அனுபவச் சான்றிதழ் தர யாரும் கிடையாது. 2023 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ சுமார் 1,100 பேரை வேலையிலிருந்து எடுப்பதாக அறிவித்தபோது, இன்று டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடும் அதன் கிளை நிறுவனமான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டில் பல ஆண்டுகள் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். அவர்களோடு கூட வந்ததும் நூல்களில் இருந்த பெயர்கள்தான். மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கே அதுதான் நிலை.

அமெரிக்கச் சட்டத்தில் கூலிக்குச் செய்துகொடுத்த படைப்புக்கு நிறுவனமே ஆசிரியர் என்பது எனக்குத் தெரியும். எங்கள் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் இதை எழுதியது நான் என்று சொல்லும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்கிறது. ஒப்பந்தம் உங்கள் நாட்டுச் சட்டப்படிதான் போடப்பட்டிருக்கிறது, நான் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை. உரிமையை விற்றவருக்கும் பெயர் சொந்தம் என்று நினைப்பவர்கள் வளர்ந்த ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உங்களில் ஒழுங்காக நடப்பவர்களும் இருக்கிறார்கள். 2014-இன் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’கைத் திறந்தால் எடிட்டிங் செய்தவர்களின் பெயர்கள் எழுத்தாளர்களின் பெயர்களுக்கு அருகிலேயே இருக்கின்றன. அந்தப் பதிப்பின் விதிகளுக்குப் பொறுப்பேற்ற ஜெரமி கிராஃபோர்டே எடிட்டராக விசார்ட்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தவர். 2021 அக்டோபரில் பாத்ஃபைண்டர் விளையாட்டை வெளியிடும் பைஸோ நிறுவனத்தின் ஊழியர்கள் சங்கம் அமைத்தபோது, அவர்களுக்கு ஆதரவாக ஃப்ரீலான்ஸர்கள் பலர் வேலையை நிறுத்தி வைத்தார்கள். அதே மாதத்தில் நிறுவனம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. எங்கள் பக்கத்தில் யாரும் அதை மறக்கவில்லை.

நான் கேட்பவை இவை.

எடிட் செய்தவர், டெவலப் செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை ஒவ்வொரு நூலிலும் போடுங்கள். அதை உங்கள் விருப்பத்துக்கு விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மறுஅச்சு, ஆண்டுவிழாப் பதிப்பு, மொழிபெயர்ப்பு, மின்னூல் எதுவானாலும் வாசகம் இருக்கும் வரை அந்தப் பெயர்களும் இருக்க வேண்டும். பெயர் வேண்டாம் என்று எடிட்டரே சொன்னால் மட்டும் எடுக்கலாம்.

எடிட்டர் புதிதாக எழுதிய பகுதிக்கு எழுத்தாளருக்குத் தரும் கூலியைத் தாருங்கள். எவ்வளவு எழுதினோம் என்று கணக்குக் காட்ட நாங்கள் தயார், எல்லா மாற்றங்களும் கோப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. பணத்தை வேலை முடித்துக் கொடுத்த 30 நாளில் கொடுங்கள். நூல் எப்போது அச்சாகிறது என்பது எங்கள் கையில் இல்லை.

மென்பொருளைக் கொண்டு திருத்தினால் அதை நூலிலேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகு முழு நூலையும் படித்து, விளையாடிப் பார்த்து, பொறுப்பேற்ற மனிதர் யார் என்பதையும் சொல்லுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த நூலை விற்காதீர்கள். ‘கடைசியாக ஒரு பார்வை’ என்று எங்களுக்கு அனுப்புவது முழு எடிட்டிங் வேலையாக இருந்தால் அதற்கான கூலியைப் பேசிவிட்டு அனுப்புங்கள்.

கடைசியாக, என் மூன்று மின்னஞ்சல்களுக்கும் உரியவருக்கு. நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அச்சான பிரதிகளைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. விற்பனையில் இருக்கும் மின்னூலில் அந்த வரியைச் சேர்க்க ஒரு மதிய நேரம் போதும். அதை இந்த மாதத்துக்குள் செய்யுங்கள், அடுத்த அச்சுக்குப் போகும் கோப்பிலும் மாற்றிவிடுங்கள். 23 இடங்களில் கதவையும் சுவரையும் சரிசெய்தவர் இந்தத் தொழிலை விட்டுப் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் உங்களிடம் எதுவும் கேட்டு எழுத மாட்டார். பழைய பதிப்பில் எங்கள் பெயர்கள் அகர வரிசையில் இருந்ததால் என் பெயர் முன்னால் வந்தது. இந்த முறை அவர் பெயரை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
அந்த வரியில் இருந்த மற்றொருவர்
கோயம்புத்தூர்